உயரம் குறைந்தவர் முதல் மோட்டார் சைக்கிள் வாங்கும்போது 'இருக்கை உயரம்' மட்டும் பார்த்தால் போதுமா?

இருக்கை உயரம் என்பது தரையிலிருந்து சீட்டின் தாழ்வான இடம் வரை உள்ள அளவு. ஆனால் கால் எட்டுமா என்பதை சீட்டின் அகலமும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. ஒரே உயரமுள்ள பலகையிலும் அரிசி மூட்டையிலும் இருபுறமும் கால்போட்டு உட்கார்ந்து பாருங்கள். மூட்டையில் தொடை விரிய, பாதம் தரையை விட்டு எழும்பிவிடும்.

அப்புறம் எடை. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துச் சாலையில், செம்பனைக் குலை ஏற்றி வரும் லாரிக்கு வழிவிட்டு ஓரமாக நிறுத்துகிறீர்கள். இடது கால் ஊன்றும் இடம் தாரைவிட நாலு விரல்கடை பள்ளமாக இருக்கும். வண்டி அந்தப் பக்கம் சாயும். எடை கூடக் கூடத் தாங்குவது கடினம். அதனால்தான் கப்சாய் எனப்படும் சிறிய, எடை குறைந்த வண்டியில் தொடங்கச் சொல்வேன். ஹோண்டா இஎக்ஸ்5 சுமார் 100 கிலோதான், கிளட்ச் பிடியும் கிடையாது. பெட்ரோல் டாங்க் சீட்டுக்கு அடியில் இருப்பதால் பாரம் தாழ்வாக நிற்கும். பி2 மோட்டார் சைக்கிள் உரிமம் 250 சிசி வரை அனுமதிக்கிறது என்பதற்காக அதிலேயே தொடங்க வேண்டாம். கடையில், வழக்கமாகப் போடும் காலணியோடு உட்கார்ந்து வண்டியைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள்.

இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படிந்தே ஆக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை: நிற்கும்போது இடது பாதம் உறுதியாக ஊன்றி, வலது பாதம் பிரேக்கில் இருந்தால் போதும்.