காரில்லாமல் சாட்டன்: ஒரே நாளில் ஜேன் ஆஸ்டின் வீடும் கல்லறையும்

லண்டனில் மகள் வீட்டுக்கு வந்திருக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் கடைசியாகக் குடியிருந்த சாட்டன் கிராமத்தையும் அவர் கல்லறையையும் காரில்லாமல் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் கல்லறை சாட்டனில் இல்லை. 1809 ஜூலையில் தாயார், அக்கா கசாண்ட்ரா, தோழி மார்த்தா லாய்டு ஆகியோருடன் அங்கே குடிவந்த ஜேன், 1817 மே மாதம் வைத்தியத்துக்காக வின்செஸ்டர் நகருக்குப் போனார். ஜூலை 18 அன்று அங்கேயே காலமானார்; அந்த ஊர் கதீட்ரலில்தான் (பெரிய தேவாலயம்) அடக்கம். நீங்களும் அதே வரிசையில் போங்கள்.

லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷனிலிருந்து, சாட்டனுக்குப் பக்கத்து ஊரான ஆல்டனுக்கு ரயிலில் சுமார் ஒண்ணேகால் மணி நேரம். பலர் இங்கேதான் ரிட்டர்ன் டிக்கெட் வாங்கிப் பணத்தை வீணாக்குகிறார்கள். வின்செஸ்டர் வேறு பாதையில் இருக்கிறது, அந்த டிக்கெட் அங்கே செல்லாது. ஆல்டனுக்கு ஒன்று, வின்செஸ்டரிலிருந்து ஒன்று என இரண்டு ஒருவழி டிக்கெட் எடுங்கள். ஆல்டனில் நிற்கும் நீராவி ரயிலை நம்பியும் ஏறாதீர்கள். அது வின்செஸ்டர் வரை போகாமல் வழியில் ஆல்ரெஸ்ஃபோர்டோடு நின்றுவிடும்.

ஆல்டன் ஸ்டேஷனிலிருந்து சாட்டன் கிராமம் சுமார் இரண்டரை கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் நாற்பது நிமிடம். ஜேன் வீடு இப்போது மியூசியம், நுழைவை முன்பதிவு செய்துவிடுங்கள். குளிர்காலத்தில் எல்லா நாளும் திறந்திருக்காது.

உள்ளே போகுமுன் சாலையில் நின்று வீட்டின் முகப்பைப் பாருங்கள். பெரிய ஜன்னல் ஒன்று செங்கல் வைத்து அடைக்கப்பட்டிருக்கும். வீட்டைக் கொடுத்த அண்ணன் எட்வர்டு செய்த ஏற்பாடு அது: கோச் வண்டிகள் ஓடிய சாலையோரம் என்பதால், வருவோர் போவோர் கண் படாமல் இருக்கப் பக்கவாட்டில் தோட்டம் பார்த்த ஜன்னல் வைத்தார். சாப்பாட்டு அறையில் இருக்கும் பன்னிரண்டு பக்க வால்நட் மேஜைக்கு முன்னால் அவசரப்படாதீர்கள். ஒரு தாளும் மைக்கூடும் வைத்தாலே நிறைந்துவிடும் அளவுதான் அது. 1811 முதல் 1815 வரை வெளியான நான்கு நாவல்களும் அச்சுக்குப் போனது இந்த வீட்டிலிருந்துதான். கிறீச்சிடும் கதவைச் சரிசெய்ய ஜேன் விடவில்லை, யாராவது வந்தால் அந்தச் சத்தம் காட்டிக்கொடுக்கும் என்பதால், என்று இன்னோர் அண்ணனின் மகன் எழுதிவைத்திருக்கிறார்.

பத்து நிமிட நடையில் செயின்ட் நிக்கோலஸ் தேவாலயம். தாயாரும் கசாண்ட்ராவும் அங்கேதான் அடக்கம். 1871 தீ விபத்துக்குப்பின் கட்டடத்தின் பெரும்பகுதி புதிதாகக் கட்டப்பட்டது, பீடப் பகுதி மட்டும் பழையது.

வின்செஸ்டருக்கு 64ஆம் எண் பஸ். ஊருக்குள் வராது, சாட்டன் ரவுண்டானாவுக்கு நடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்ப்பது நல்லது, பஸ்கள் குறைவு. கதீட்ரலுக்கும் கட்டணம் உண்டு, மாலை வழிபாட்டுக்கு முன்பே போய்விடுங்கள். வடக்குப் பக்கத் தரையில் பதித்த கல்லறைக் கல்லில் அவர் குணமும் அறிவும் புகழப்பட்டிருக்கும், நாவல்களைப் பற்றி ஒரு சொல்கூட இருக்காது. அந்தக் குறையைத் தீர்க்க 1872இல் வைத்த பித்தளைத் தகடு அருகிலேயே சுவரில் இருக்கிறது. அவர் இறந்த காலேஜ் தெரு 8ஆம் எண் வீட்டை வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். அங்கிருந்து ஸ்டேஷனுக்குக் கால் மணி நடை, வாட்டர்லூவுக்கு ஒரு மணி நேரம்.