என்மேப் ஸ்கேன் முடிவை வைத்து ஸ்நோர்ட் அலர்ட்டுகளைக் குறைக்கலாமா?

குறைக்கலாம். என்மேப் என்பது நெட்வொர்க்கில் என்னென்ன மெஷின், சர்வீஸ் இருக்கிறது என்று தேடும் கருவி; ஸ்நோர்ட் என்பது தாக்குதல் போன்ற டிராஃபிக்கைக் கண்டு அலர்ட் தரும் ஐடிஎஸ், அதாவது ஊடுருவலைக் கண்டறியும் கருவி. பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இதை நானே செய்தேன், அடியும் பட்டேன். உங்களுக்கும் அலர்ட் ஆயிரக்கணக்கில் கொட்டுகிறது, மேலே இருப்பவர் நச்சரிக்கிறார் என்று நினைக்கிறேன்.

எங்கள் வெப் சர்வர் எல்லாம் லினக்ஸ், அப்பாச்சி. ஆனால் விண்டோஸின் வெப் சர்வரான ஐஐஎஸ்-க்கான ரூல்கள் விடிய விடிய அலறும். என்மேப் ஓட்டி, எந்த ஐபியில் என்ன ஓஎஸ், என்ன சர்வீஸ் என்று பட்டியல் எடுத்துப் பொருந்தாத ரூல்களை சப்ரஸ் செய்தேன், அதாவது அவற்றின் அலர்ட் வராமல் அடக்கினேன். சத்தம் அடங்கியது.

ஆனால் ஸ்கேன் ஓட்டியது ஞாயிற்றுக்கிழமை, லைன் நிற்கும் நாள். சோதனை மெஷினோடு இணைந்த ஒரு விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் அன்று அணைந்து கிடந்தது. விண்டோஸே இல்லை என்று நம்பி, அந்த சப்நெட் (நெட்வொர்க்கின் ஒரு பகுதி) முழுக்க, விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கான (எஸ்எம்பி) 445 போர்ட் அலர்ட்டை அடைத்துவிட்டேன். 2017 மார்ச்சில் வந்த எஸ்எம்பி பேட்ச்கூட அந்தக் கம்ப்யூட்டரில் இல்லை. மெஷின் விற்றவர்கள் தொடக்கூடாது என்றிருந்தார்கள். சில வாரம் கழித்து ஆப்பரேட்டர் அக்கா ஒருவர்தான், "தம்பி, நேத்துலேர்ந்து ஸ்கிரீன் இழுத்து இழுத்து வருதுப்பா" என்றார். போய்ப் பார்த்தால், அந்தக் கம்ப்யூட்டருக்கே தொற்று ஏறி, அது பக்கத்து மெஷின்களின் 445-ஐ வரிசையாகத் தட்டிக்கொண்டிருந்தது.

இப்போது, ஸ்கேனில் கண்ணால் பார்த்த ஐபிக்கு மட்டுமே சப்ரஸ். பட்டியலில் இல்லாத ஐபி டிராஃபிக்கில் தெரிந்தால் எல்லா ரூலும் அதற்கு உண்டு. வேலை நாளில், ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஸ்கேன். மெஷின்களை இயக்கும் பழைய கன்ட்ரோலர்கள் ஸ்கேனில் தொங்கிவிடும் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். உண்மைதான், அதனால்தான் புரொடக்‌ஷன் ஆட்களிடம் கேட்டு மெதுவாக ஓட்டுகிறேன்.

பட்டியல் இன்னொன்றுக்கும் உதவும். ஒன்றன்மேல் ஒன்று விழும் பாக்கெட் துண்டுகளைப் பழைய விண்டோஸ் ஒரு மாதிரி சேர்க்கும், பழைய லினக்ஸ் வேறு மாதிரி. இதை வைத்து ஐடிஎஸ்ஸை ஏமாற்றலாம் என்று டாசெக், நியூஷம் என்ற இரண்டு பாதுகாப்பு ஆய்வாளர்கள் 1998-லேயே எழுதினார்கள். ஸ்நோர்ட் போன்ற இன்னொரு ஐடிஎஸ்ஸான சுரிகாட்டாவில் எந்த ஐபி எந்த ஓஎஸ் என்று எழுதி வைக்க இடம் உண்டு, அதற்கேற்பத் துண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அந்த மெஷினைத் துடைத்து முடித்தது தீபாவளிக் காலையில். கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் அம்மா எண்ணெய் காய்ச்சி வைத்துக் காத்திருக்க, நான் பாலம் தாண்டும்போது மணி பதினொன்று. தீபாவளிக்கு முந்தின ராத்திரி டியூட்டியை ஒரு வார்த்தை கேட்காமல் நமக்கே போடுகிறார்கள். மனசு ஆறவில்லை.

கடைசியாக, நம் ஸ்கேனையே தாக்குதல் என்று ஸ்நோர்ட் அலறும், அதனால் ஸ்கேன் ஓட்டும் கம்ப்யூட்டருக்கு நிலையான ஐபி கொடுங்கள். அதன் ஸ்கேன் அலர்ட்டை மட்டும் சப்ரஸ் செய்யுங்கள், மற்றதைத் தொடாதீர்கள்.