ஹவானாவின் மைதானம் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

கியூபா பற்றிய உங்கள் கட்டுரையில் ஹவானாவின் பேஸ்பால் மைதானம் ஒரு வரியில் வந்துபோகிறது. வெள்ளைக்காரன் விட்டுப்போன கிரிக்கெட்டை நாம் வைத்துக்கொண்டதுபோல, அமெரிக்க ஆதிக்கத்தின் மிச்சம்தானே அங்கே பேஸ்பால்? புரட்சிக்குப் பிறகும் அதை ஏன் விடவில்லை?

கே.

அன்புள்ள கே.,

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அமெரிக்கப் படை கியூபாவில் இறங்கியது 1898-இல். அதற்கு வெகுகாலம் முன்பே, 1874 டிசம்பர் 27 அன்று, மத்தான்சாஸ் நகரின் பால்மார் தெ ஹுங்கோ மைதானத்தில் ஹவானா அணியும் உள்ளூர் அணியும் மோதிவிட்டன. ஹவானா 51, மத்தான்சாஸ் 9! அந்த மைதானம் இன்றும் இருக்கிறது.

விளையாட்டைக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவில் படித்துத் திரும்பிய கியூப இளைஞர்கள். அன்று தீவை ஆண்டது ஸ்பெயின். விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. ஸ்பானியர்களுக்குக் காளைச் சண்டை என்றால், தங்களுக்கு இது என்று இளைஞர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஆள்பவனிடமிருந்து விலகி நிற்க அவர்களாகத் தேடி எடுத்த ஆட்டம் அது. நம் கிரிக்கெட் கதையோடு இது பொருந்தாது.

நீங்கள் குறிப்பிடும் மைதானம் எல் செர்ரோ பகுதியில் 1946 அக்டோபரில் திறக்கப்பட்டது. அப்போது பெயர் கிரான் ஸ்டேடியம். நீலச்சட்டை அல்மெந்தாரெஸ், சிவப்புச்சட்டை ஹவானா என்ற இரு அணிகளுக்காக ஊரே இரண்டாகப் பிரிந்து கத்திய இடம். அடுத்த வசந்தத்தில் நியூயார்க்கின் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி பயிற்சிக்கு ஹவானா வந்தது. வெள்ளையர் மட்டுமே ஆடிவந்த அமெரிக்கப் பெரிய லீக்கில் அந்த ஆண்டு நுழையவிருந்த கறுப்பு வீரர் ஜாக்கி ராபின்சனை, ஃப்ளோரிடாவின் நிறவெறியிலிருந்து தள்ளி வைப்பதும் அதற்கு ஒரு காரணம். கியூபாவின் தொழில்முறை லீக்கில் கறுப்பரும் வெள்ளையரும் 1900 முதலே சேர்ந்து ஆடிவந்தார்கள். ஆனாலும் டாட்ஜர்ஸ் வீரர்களுக்கு ஆடம்பரமான ஹோட்டல் நசியோனால். ராபின்சனையும் மற்ற மூன்று கறுப்பு வீரர்களையும் தனியே ஒரு மட்டமான விடுதியில் தங்க வைத்தது அணி நிர்வாகம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கிறது. ஊர் சேர்த்து வைத்ததை வந்தவர்கள் பிரித்தார்கள்.

அப்புறம் 1959, ஃபிடல் காஸ்ட்ரோவின் புரட்சி வென்ற ஆண்டு. ஜூலை 25 இரவு, அமெரிக்கத் தொடர் ஒன்றில் ஆடிவந்த ஹவானாவின் சுகர் கிங்ஸ் அணிக்கும் அமெரிக்காவின் ராச்செஸ்டர் அணிக்கும் ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. நள்ளிரவு தாண்டி ஜூலை 26 பிறந்ததும், புரட்சி இயக்கத்தின் நாள் என்று அரங்கிலும் வெளியிலும் துப்பாக்கிகள் வானத்தைப் பார்த்து வெடித்தன. மூன்றாம் பேஸ் (ஓடுபவர் தொட்டுச் செல்லவேண்டிய மூன்றாவது முனை) அருகே ஓடுபவர்களுக்கு வழிகாட்ட நின்ற ராச்செஸ்டரின் ஃபிராங்க் வெர்டி தலையில் ஒரு குண்டு உரசியது. தொப்பிக்குள் அவர் வைத்திருந்த பாதுகாப்புத் தகடு காப்பாற்றியது. உண்மையில் அங்கே நிற்கவேண்டியவர் அணி மேலாளர். நடுவரோடு தகராறு செய்து வெளியேற்றப்பட்டதால்தான் வெர்டி வந்தார். அந்த மேலாளருக்குத் தகடு அணியும் வழக்கமே கிடையாது. மறு ஆண்டு சுகர் கிங்ஸ் அணியையே அமெரிக்காவுக்கு மாற்றிவிட்டார்கள்.

சரி, ஏன் விடவில்லை என்ற கேள்வி. 1961-இல் மைதானத்துக்கு லத்தீனோஅமெரிக்கானோ என்று பெயர் மாற்றினார்கள். தொழில்முறை விளையாட்டு ஒழிந்தது. ஆனால் 1962 ஜனவரியில் அதே மண்ணில் அமெச்சூர் வீரர்களின் தேசியத் தொடர் தொடங்கியது. 1971-இல் இருக்கைகளை 55,000 வரை கூட்டினார்கள். கைவிடவேண்டிய அந்நியப் பொருளாக அதை யாரும் பார்க்கவில்லை. ஸ்பெயினை எதிர்த்த பாட்டன் ஆடியதை எப்படி விடுவது? 2016-இல் ஒபாமா வந்தபோது அன்றைய கியூப அதிபர் ராவுல் காஸ்ட்ரோவுடன் உட்கார்ந்து ஆட்டம் பார்த்ததும் அங்கேதான்.

ஹவானாவின் மத்தியப் பூங்காவில் ‘சூடான மூலை’ என்று ஓர் இடம் உண்டு. மூன்றாம் பேஸுக்கு அவர்கள் சொல்லும் பெயரும் அதுவே. பகல் முழுக்க ஆண்கள் கூடி நின்று, கையை ஆட்டி, தொண்டை கட்டும்வரை பேஸ்பால் பற்றிச் சண்டை போடுகிறார்கள்.