மழையில்லாமல் நனையும் வயல்

அன்புள்ள ஐயா,

மண்ணியல் முதுகலை படிக்கிறேன். காஸ்மிக் கதிர் நியூட்ரான் கருவியால் மண் ஈரத்தை அளப்பதுதான் என் ஆய்வேடு. இதற்காக விண்வெளி இயற்பியலும் படிக்க வேண்டுமா, கருவி தரும் எண்ணிக்கையில் செய்ய வேண்டிய திருத்தங்களை மென்பொருளே பார்த்துக்கொள்ளாதா? பக்கத்தில் நின்று வேலை செய்தால் கதிர்வீச்சு ஆபத்து உண்டா?

ர.

அன்புள்ள ர.,

ஆபத்தெல்லாம் ஒன்றுமில்லை. மண்ணுக்குள் இறக்கி ஈரம் அளக்கும் பழைய நியூட்ரான் புரோபுக்குள் கதிரியக்கப் பொருள் இருந்தது. இந்தக் கருவி எதையும் உமிழ்வதில்லை, விண்வெளியிலிருந்து எப்படியும் நம்மேல் விழும் காஸ்மிக் கதிர்கள் காற்றிலும் மண்ணிலும் உண்டாக்கும் நியூட்ரான்களை எண்ணுகிறது, அவ்வளவுதான்.

'மென்பொருளே பார்த்துக்கொள்ளாதா' என்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. ஹைட்ரஜன் அணுக்கருவும் நியூட்ரானும் கிட்டத்தட்ட ஒரே எடை. கோலிக்குண்டு இன்னொரு கோலிக்குண்டில் மோதியதுபோல நியூட்ரானின் வேகம் பறிபோகும். நீரில் ஹைட்ரஜன் உண்டு; கருவி எண்ணுவது வேகமான நியூட்ரான்களை. அதனால் மண்ணில் நீர் கூடினால் எண்ணிக்கை குறையும். இது உங்களுக்குத் தெரியும். ஆனால் சூரியப் புயல் வந்தாலும் எண்ணிக்கை குறையுமே! புயலோடு வரும் காந்தப்புலம் காஸ்மிக் கதிர்களைத் தடுத்துவிடும். ஃபோர்புஷ் சரிவு என்பார்கள். 2024 மே மாதம் அப்படி ஒன்று வந்தது. திருத்தாமல் விட்டால், ஒரு சொட்டு மழையில்லாமல் வயல் நனைந்துவிட்டதென்று உங்கள் வரைபடம் சாதிக்கும்.

திருத்தத்துக்கான எண், காஸ்மிக் கதிர் வரத்தை இடைவிடாமல் கண்காணிக்கும் நியூட்ரான் மானிட்டர் நிலையங்களிலிருந்து வருகிறது. இளம் வயதில் அப்படியொன்றுக்குள் போயிருக்கிறேன். நீண்ட குழாய்கள், சுற்றிலும் ஈய வளையங்கள், அவற்றுக்கும் வெளியே தடித்த பாலிஎத்திலீன் பலகைகள். பலகை எதற்கு என்றேன். "தரையிலிருந்து கிளம்பும் நியூட்ரான் உள்ளே வரக்கூடாது. மழை, பனியெல்லாம் எங்கள் கணக்கைக் கெடுக்கும்" என்றார் அங்கிருந்த டெக்னீஷியன். அவர் வெளியே தள்ளிய குப்பைதான் தம்பி, இன்று உங்கள் ஆய்வேடு.

ஜான் சிம்ப்சன் 1948இல் உருவாக்கிய கருவி அது. கொலராடோவின் கிளைமாக்ஸ் நிலையம் ஐம்பதுகளின் தொடக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது; 2006இல் நின்றுவிட்டது. அரை நூற்றாண்டுத் தொடர்! புதுக் கருவி வாங்கப் பணம் தருகிறவர்கள், பழையதை ஓட்டிக்கொண்டிருக்க ஒருவருக்குச் சம்பளம் தரச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறாது. மண்காரர்களும் சேர்ந்து குரல் கொடுத்தால் என்ன?

சரி, உங்கள் மென்பொருளுக்கு வருகிறேன். நிலநடுக்கோட்டருகே பூமியின் காந்தப்புலம் வலுவான தடுப்பு, அதனால் சூரியனால் வரும் ஏற்ற இறக்கம் அங்கே குறைவு. துருவத்தருகே உள்ள நிலையத்தின் எண்ணை அந்த வயலுக்கு அப்படியே போட்டால் திருத்தமே பிழையாகும். காற்றழுத்தம், காற்றின் ஈரப்பதம் இரண்டையும் மென்பொருளிடம் விட்டுவிடுங்கள். அது எந்த நிலையத்தின் எண்ணை எடுக்கிறது என்று மட்டும் இன்றே திறந்து பார்த்து எனக்கு எழுதுங்கள்.