மின் அதிர்வு சிகிச்சைக்குச் சம்மதிக்கலாமா?

கேள்வி: கடும் மனச்சோர்வில் தவிக்கும் என் அக்காவுக்கு மின் அதிர்வு சிகிச்சையை மருத்துவர் பரிந்துரைக்கிறார்; நினைவு அழிந்துவிடுமோ என்று அக்கா அஞ்சுகிறார். சம்மதிக்கலாமா?

பதில்: 1938இல் ரோம் நகரில் மயக்க மருந்தின்றித் தொடங்கப்பட்ட, மூளைக்குள் சிறிதளவு மின்சாரம் செலுத்திக் குறுகிய நேர வலிப்பை உண்டாக்கும் இச்சிகிச்சை, இன்று முழு மயக்கத்தில், தசைகளைத் தளர்த்தும் மருந்துடன், பெரும்பாலும் 6 முதல் 12 முறை அளிக்கப்படுகிறது. உண்ணவும் பேசவும் இயலாமல் கிடந்த பெண்கள் பலர் சில வாரங்களில் மீண்டிருக்கிறார்கள். ஆயினும் அக்காவின் அச்சம் நியாயமானது: சிகிச்சைக்கு முந்தைய மாதங்களின் நினைவுகள், குழந்தை பேசிய முதல் சொல் உட்பட, சிலருக்குத் திரும்புவதே இல்லை. அதைச் சொன்ன பெண்களிடம், அதுவும் நோயின் அறிகுறிதான் என்று கூறி வாயடைத்தது பெரும் அநீதி என்றே கருதுகிறேன். தலையின் வலப்பக்கம் மட்டும் மின்சாரம் செலுத்தும் முறையில் மறதி குறைவு. அது பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முடிவெடுக்கும் தெளிவு அக்காவுக்கு இருக்கும்வரை சம்மதம் அவருடையதே; இடையில் நிறுத்தச் சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு.