பொம்மை விமானம், கருப்பு பெயிண்ட் (வாசகர் கடிதம்)

சார் வணக்கம். போன வாரம் எழுதினதுல, ரெண்டாம் உலகப்போர் சமயத்துல அமெரிக்க ஸ்கூல் பசங்க கடற்படைக்கு மாடல் விமானம் செஞ்சு குடுத்தாங்கன்னு ஒரே வரில சொல்லிட்டு தாண்டிட்டீங்க. நான் பத்து வருஷமா பிளாஸ்டிக் விமான மாடல் கிட் வாங்கி ஒட்டறவன். நிஜ விமானம் வச்சிருக்கற நேவிக்கு பொம்மை எதுக்கு? ஷோகேஸ்ல வைக்கவா? வெறும் பிரசாரம்னுதான் எனக்கு தோணுது. கொஞ்சம் விவரமா சொல்லுங்க.
– கே.

வணக்கம் கே.,

பிரசாரம் இல்லவே இல்லன்னு சொல்ல மாட்டேன், எத்தனை மாடல் பாஸ் ஆச்சோ அதுக்கு ஏத்த மாதிரி பசங்களுக்கு கௌரவப் பட்டம் போட்டு சர்டிபிகேட் எல்லாம் குடுத்தாங்க, அது ஆள் சேர்க்கற டெக்னிக்தான். ஆனா 1942 ஆரம்பத்துல நேவி கேட்டது 5 லட்சம் மாடல், 50 வகை விமானம், வகைக்கு பத்தாயிரம். அவ்வளவையும் ஷோகேஸ்ல வைக்க முடியாதுல்ல.

விஷயம் என்னன்னா போர்ல இருக்கறவங்க வானத்துல வர்றது நம்மாளா எதிரியான்னு சில செகண்டுல சொல்லணும். இங்கிலாந்துல போர் அறிவிச்சு மூணே நாள்ல, 1939 செப்டம்பர் 6, ஸ்பிட்ஃபயர் ஓட்டின பிரிட்டிஷ் விமானிங்க தங்களோட சொந்த ஹரிக்கேன் போர் விமானம் ரெண்டை ஜெர்மன் விமானம்னு நெனச்சு சுட்டுட்டாங்க, ஒரு விமானி செத்தே போயிட்டார். பின்னாடி அமெரிக்க பி-47 போர் விமானம் வந்தப்போ அது பாக்க ஜெர்மன் ஃபோக்கவுல்ஃப் 190 மாதிரியே இருக்குன்னு மூக்குலயும் வால்லயும் வெள்ளைப் பட்டை அடிச்சு விட்டாங்கன்னா பாத்துக்குங்க. படம் பாத்து பழகினா ஒரு கோணம்தான் மனசுல நிக்கும். கைல வச்சு திருப்பிப் பாக்க மாடல்தான் வேணும்.

ஸ்கேல் உங்களுக்கு நல்லா தெரிஞ்ச அதே 1/72, ஒரு இஞ்சுக்கு ஆறு அடி. (இது நேவி கண்டுபிடிச்சது இல்ல, 1930கள்லயே இங்கிலாந்துல ஸ்கைபேர்ட்ஸ், ஃப்ராக் கிட்லாம் இந்த அளவுலதான் வந்துச்சு.) இந்த அளவுல 35 அடி தள்ளி ஒரு மாடலை தொங்கவிட்டா, நிஜ விமானம் கிட்டத்தட்ட அரை மைல் தூரத்துல எப்படி தெரியுமோ அப்படியே தெரியும். ஒரு ஹாலுக்குள்ள அரை மைல்!

இப்ப உங்களுக்கு கஷ்டமா இருக்கப்போற விஷயத்துக்கு வர்றேன். அந்த மாடல்ல காக்பிட் உள்வேலை கிடையாது, டீகால் (மேல ஒட்டற சின்னம், எழுத்து) கிடையாது, முழுக்க மங்கலான கருப்பு. நாம ராத்திரி பூரா உக்காந்து பேனல் லைனுக்கு (தகடு சேர்ற கோட்டுக்கு) வாஷ்னு நீர்த்த பெயிண்ட் போடறோமே, அதெல்லாம் அவங்களுக்கு இடைஞ்சல். வெளிக்கோடு மட்டும் கரெக்டா இருக்கணும், பிளானோட வர்ற டெம்ப்ளேட்டை (அளவு அச்சை) அட்டைல வெட்டி மாடலோட உடம்புல அங்கங்க வச்சு வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்கணும், கோணலா இருந்தா ரிஜெக்ட். செஞ்சது பைன் மாதிரி மரத்துல, ஏன்னா பால்சாங்கற லேசான மரம் போருக்கு போயிடுச்சு, பிரிட்டிஷ் மஸ்கிட்டோ விமானத்தோட உடம்பே பிளைவுட்டுக்கு நடுவுல பால்சா வச்ச சாண்ட்விச்தான்.

நானும் ஒரு தடவை பலகைத் துண்டுல ஸ்பிட்ஃபயர் செதுக்க உக்காந்தேன், சும்மா ஒரு வீம்புக்கு. இறக்கை இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் 15 சென்டிமீட்டர் சொச்சம், ஒரு ஜாண்கூட வராது. அந்த நீள்வட்ட வளைவு இருக்கே, உப்புத்தாள்ல நாலு தேய்ப்பு அதிகமா போச்சு, நுனி மழுங்கி அது ஸ்பிட்ஃபயரும் இல்ல வேற எதுவும் இல்லன்னு ஆயிடுச்சு, பிளாஸ்டிக் கிட்ல இந்த பயமே நமக்கு கிடையாது. இதை பதினாலு பதினஞ்சு வயசுப் பசங்க ஸ்கூல் பட்டறைல உக்காந்து செஞ்சிருக்காங்க. அப்புறம் சிகாகோல க்ரூவர் கம்பெனி பிளாஸ்டிக்ல வார்த்துத் தள்ள ஆரம்பிச்சதுல மரத்துக்கு வேலை கொறஞ்சுது.

இதெல்லாம் இருந்தும் 1943 ஜூலைல சிசிலி பக்கம் பாராட்ரூப்பர்களை ஏத்திட்டுப் போன 144 அமெரிக்க சி-47 போக்குவரத்து விமானத்துல 23ஐ சொந்த ஆளுங்களே சுட்டு வீழ்த்தினாங்க. ராத்திரி நேரம், கொஞ்சம் முன்னாடிதான் எதிரி குண்டு போட்டுட்டுப் போயிருக்கான், அப்ப எவன் இறக்கை வளைவைப் பாப்பான்.

உங்ககிட்ட பழைய கிட் ஒண்ணு வீணா கிடந்தா கருப்பு அடிச்சு மொட்டை மாடில ஒரு கோடில கட்டிட்டு மறு கோடிலேர்ந்து பாருங்க. என்னோட உருப்படாத ஸ்பிட்ஃபயரை அப்படித்தான் கட்டினேன், பக்கத்து வீட்டு அம்மா வந்து வத்தல் காயப் போட்டிருக்கீங்களா, காக்கா பொம்மை தொங்குதேன்னு கேட்டாங்க.