வாட்டை ஏற்றியும் ஆவி கூடவில்லையா? முதலில் பஞ்சைப் பாருங்கள்

கேள்வி: சிகரெட்டை விட்டு மின்-சிகரெட்டுக்கு (வேப்) மாறிய பிறகு இத்தனை நாளும் ரெடிமேட் காயில்களிலேயே ஓட்டினேன். இப்போது நாமே காயில் (சூடேறும் கம்பிச் சுருள்) கட்டிப் போடுகிற டேங்க் வகை அட்டமைசர், அதாவது லிக்விடை ஆவியாக்கும் பகுதி, ஒன்றை வாங்கியிருக்கிறேன். 26 கேஜ் கான்தல் கம்பி, 3 மி.மீ. உள்விட்டம், 6 சுற்று, ஒற்றைக் காயில். மாட் (பேட்டரியும் பட்டனும் உள்ள கருவி) 0.8 ஓம் காட்டுகிறது. லிக்விடில் விஜி (கிளிசரின்) 70 சதவீதம். முதல் இரண்டு மூன்று பஃப் அருமையாக இருக்கிறது. அப்புறம் தொண்டையைப் பிடிக்கிற தீய்ந்த நெடி. 40 வாட் வரை ஏற்றிப் பார்த்தும் ஆவி கூடவில்லை. இது போதாதென்று, லிக்விட் நிரப்பும்போதெல்லாம் காற்றுத் துளை வழியே ஒழுகுகிறது. வேறு அட்டமைசர் வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. முதல் பஃப்கள் அருமையாக இருக்கின்றன என்றால் காயில் ஒழுங்காகச் சூடாகிறது, காற்று சரியாகப் போகிறது, லிக்விடிலும் குறையில்லை. நான்காவது பஃபில் கெடுகிறது என்றால், காயிலுக்குள் நுழைத்த பஞ்சில் ஊறியிருந்தது தீர்கிற வேகத்துக்கு டேங்கிலிருந்து புதிதாக வந்து சேரவில்லை. இந்த நிலையில் வாட்டை ஏற்றினால் மிச்சமிருக்கும் கொஞ்ச ஈரமும் இன்னும் சீக்கிரம் காயும், அவ்வளவுதான். ஆவியின் அளவை முடிவு செய்வது வாட் மட்டும் இல்லை. லிக்விட் வந்து சேரும் வேகம்தான் மேல் வரம்பு. அதைத் தாண்டி நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு வாட்டும் பஞ்சைத்தான் சுடும்.

உங்கள் காயிலைப் பற்றி ஒரு நல்ல செய்தி. 26 கேஜ் கம்பியின் தடிமன் சுமார் 0.4 மி.மீ. அந்த அளவு கான்தலில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 11 ஓம் வரும். 3 மி.மீ. உள்விட்டத்தில் 6 சுற்றுக்கும் இரண்டு பக்கக் கால்களுக்கும் சேர்த்து ஏழரை செ.மீ. கம்பி போகும். கணக்குப் போட்டால் 0.8 ஓம்தான் வருகிறது. ஆகவே ஷார்ட் இல்லை, திருகுகளும் கம்பியை நன்றாகவே பிடித்திருக்கின்றன. பஃப் இழுக்க இழுக்க இந்த எண் 0.7, 0.9 என்று தாவினால் மட்டும் திருகை மறுபடி இறுக்குங்கள். ரொம்ப முறுக்கினால் கம்பி அறுந்துபோகும், பார்த்துச் செய்யுங்கள்.

இப்போது பஞ்சு. இது விளக்குத் திரி மாதிரிதான்: இழைகளுக்கு நடுவே இருக்கும் நுண்ணிய இடைவெளி வழியாக லிக்விட் தானாக ஏறி வருகிறது. பஞ்சை அழுத்தி அடைத்தால் இடைவெளி போய்விடும், ஏற்றமும் நின்றுவிடும். புதிதாகக் கட்டுபவர்கள் பெரும்பாலும் இதில்தான் சறுக்குகிறார்கள். பஞ்சு நிறைய இருந்தால் லிக்விடும் நிறைய வரும் என்று மனசு சொல்லும். நடப்பது நேர்மாறாக இருக்கும்.

காயிலுக்குள் பஞ்சை இழுக்கும்போது கையில் லேசான பிடிப்பு தெரிய வேண்டும். காயில் கூடவே கொஞ்சம் அசையலாம், ஆனால் வளையவோ சுற்றுகள் விலகவோ கூடாது. சிரமப்பட்டுத் திணிக்க வேண்டியிருந்தால் பஞ்சு அதிகம். எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் குறைவு. பஞ்சு லிக்விடில் ஊறியதும் கொஞ்சம் உப்பும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பட்டையாக வரும் பஞ்சாக இருந்தால் மேலும் கீழும் உள்ள கெட்டியான தோலை உரித்துவிட்டு நடுவில் இருக்கும் மிருதுவான பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

காயிலுக்குள் இருக்கும் பஞ்சைவிட, இரண்டு பக்கமும் தொங்கும் வால்கள்தான் டேங்க் வகைகளில் ஆட்டத்தை முடிவு செய்கின்றன. வாலை அட்டமைசர் அடித்தளத்தின் வெளி விளிம்பு வரை வரும்படி வெட்டுங்கள். பிறகு ஊசி முனையாலோ சின்னச் சீப்பாலோ இழைகளைச் சீவி, உதிர்வதை உதிரவிட்டு, முனையை மட்டும் மெல்லியதாக்குங்கள். காயிலுக்குள் இருக்கும் அடர்த்தியில் பாதியோ அதற்கும் கொஞ்சம் அதிகமோ வாலில் இருந்தால் போதும். அதை லிக்விட் வரும் வாய்க்கால் மேல் படுக்க வையுங்கள், உள்ளே குத்தி அடைக்காதீர்கள். வாய்க்காலின் வாய் முழுக்க மூடியிருக்க வேண்டும், அதன் அடிவரை பஞ்சு இறங்க வேண்டியதில்லை.

ஒரே அட்டமைசர் எப்படி ஒரு பக்கம் காய்கிறது, இன்னொரு பக்கம் ஒழுகுகிறது என்று உங்களுக்குக் குழப்பமாக இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே பஞ்சு காரணமாக இருக்க முடியும். வாலை உருண்டையாகச் சுருட்டி வாய்க்காலுக்குள் தள்ளியிருப்பீர்கள். நடுவில் அடர்த்தி கூடி லிக்விட் நகராது. ஆனால் வாய்க்காலின் மூலைகளில் பஞ்சு படாத ஓட்டை இருக்கும், லிக்விட் அந்த வழியாக நேராகக் காற்றுத் துளைக்கு இறங்கிவிடும். வாலை மெல்லிசாக்கி அகலமாகப் பரப்பினால் இரண்டும் ஒன்றாகச் சரியாகும்.

விஜி 70 சதவீதம் என்கிறீர்கள். கிளிசரின் அறை வெப்பநிலையில், லிக்விடில் அதோடு கலக்கும் புரோப்பிலின் கிளைக்காலைவிட இருபது மடங்குக்கு மேல் கெட்டியானது. அதனால்தான் இரண்டும் சரிபாதி உள்ள 50-50 லிக்விடில் நன்றாக ஓடிய பஞ்சு 70க்கு வரும்போது திணறும். அதேபோல 70க்குத் தளர்வாக வைத்த பஞ்சில் 50-50 ஊற்றினால் ஒழுகும். லிக்விடின் விகிதத்தை மாற்றினால் பஞ்சின் அளவையும் மாற்ற வேண்டும், தப்பிக்க வழியில்லை. குளிரில் லிக்விட் இன்னும் கெட்டியாகும். அந்த நேரத்தில் பஃப்களுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.

பஞ்சு வைத்ததும் அப்படியே டேங்கை மாட்டி இழுக்காதீர்கள். காயில் மேலும் வால்கள் மேலும் லிக்விடைச் சொட்டுச் சொட்டாக விட்டு முழுக்க ஊறவையுங்கள். 10 வாட்டில் ஓரிரண்டு விநாடி மட்டும் அழுத்தி, ஆவி காயில் முழுக்கச் சமமாக வருகிறதா என்று பாருங்கள். பிறகு நிரப்பி, ஐந்து நிமிடம் சும்மா வையுங்கள். பஃப் இழுத்து முடித்ததும் டேங்குக்குள் ஒன்றிரண்டு காற்றுக் குமிழிகள் மேலேறினால், வெளியேறிய லிக்விடின் இடத்துக்குக் காற்று உள்ளே போகிறது, ஓட்டம் சரி என்று அர்த்தம். எத்தனை பஃப் இழுத்தும் குமிழியே வரவில்லை என்றால் வால் இன்னும் அடர்த்தியாக இருக்கிறது. எனக்கு இந்தச் சோதனையில்தான் அதிக நம்பிக்கை. நாக்கு தீய்ந்த பிறகுதான் சொல்லும், குமிழி முன்கூட்டியே சொல்லிவிடும்.

வாட்டுக்கு வருவோம். உங்கள் காயிலின் சுற்றுகளில் இருக்கும் கம்பியின் மேற்பரப்பு சுமார் 80 சதுர மி.மீ. 40 வாட் கொடுத்தால் ஒரு சதுர மி.மீ.க்கு அரை வாட் விழுகிறது. சாதாரண ஒற்றைக் கம்பிக் காயிலுக்கு இது ரொம்ப அதிகம். அதில் பாதி, கொஞ்சம் முன்னே பின்னே என்றால் சுகமாக இருக்கும். 15 வாட்டில் தொடங்கி இரண்டு இரண்டாக ஏற்றுங்கள். 20 முதல் 25க்குள் எங்கேயோ சுவை உச்சத்துக்கு வரும், அங்கேயே நின்றுவிடுங்கள். வாட்டைக் குறைத்த பிறகு ஆவி மெலிதாகத் தோன்றினால் காற்று வளையத்தை (காற்றுத் துளையைத் திறந்து மூடும் வளையம்) கொஞ்சம் மூடிப் பாருங்கள். காற்று குறையும்போது ஆவி சூடாகவும் அடர்த்தியாகவும் வரும். அட்டமைசர் மோசம் என்று ஒதுக்கியவர்களில் பலர் காற்று வளையத்தை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு வாட்டை மட்டும் திருகிக்கொண்டிருப்பார்கள்.

காயில் எங்கே நிற்கிறது என்பதும் சுவையை மாற்றும். அதன் நடுப்பகுதி காற்றுத் துளைக்கு நேராக இருக்க வேண்டும். காற்று கீழிருந்து வரும் வகையில், துளைக்கு மேலே ஒன்றரை, இரண்டு மி.மீ. உயரத்திலிருந்து தொடங்கி முயன்று பாருங்கள். ரொம்ப மேலே போனால் காற்று காயிலைத் தடவாமல் பக்கவாட்டில் போய்விடும். மேல் மூடியையோ பக்கச் சுவரையோ தொட்டால் ஷார்ட் ஆகும்.

பஞ்சு வைப்பதற்கு முன், வெறும் காயிலை 10 வாட் அளவில் விட்டு விட்டு அழுத்திப் பாருங்கள். நடுவிலிருந்து இரு பக்கமும் சமமாகச் சிவக்க வேண்டும். ஒரு சுற்று மட்டும் பளீரென்று எரிந்தால் பீங்கான் முனை இடுக்கியால் காயிலை லேசாகத் தடவி, சுற்றுகளை ஒன்றோடொன்று நெருக்குங்கள். உலோக இடுக்கியை வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தக் கூடாது. லேசாகச் சிவந்தால் போதும். வெள்ளையாக ஜொலிக்கிற வரை எரிப்பதால் லாபம் எதுவும் இல்லை, கம்பிதான் கெடும். இதெல்லாம் கான்தல், நிக்ரோம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகளுக்கு மட்டும். நிக்கலையும் டைட்டானியத்தையும் ஒருபோதும் பஞ்சில்லாமல் சிவக்கவிடாதீர்கள்.

அடுத்து ஒழுகல். டேங்கின் மேல் பகுதியில் இருக்கும் குறைந்த காற்றழுத்தம்தான் லிக்விடைக் கீழே கொட்டாமல் பிடித்து வைத்திருக்கிறது. நிரப்ப மூடியைத் திறந்ததும் அந்தப் பிடி போய்விடும். மூடியைத் திரும்பத் திருகும்போது உள்ளே இருக்கும் காற்று நசுங்கி, லிக்விடைப் பஞ்சு வழியாக வெளியே தள்ளும். எனவே நிரப்பும் முன் காற்று வளையத்தை மூடுங்கள். லிக்விட் வாய்க்காலை மூடும் வசதி இருந்தால் அதையும் மூடுங்கள். விளிம்பு வரை ஊற்றாமல் மேலே கொஞ்சம் இடம் விட்டு மூடியைத் திருகுங்கள். பிறகு அட்டமைசரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வளையத்தையும், மூடியிருந்தால் வாய்க்காலையும் திறங்கள். இப்போது பஞ்சுப் பக்கம் இருப்பது காற்று, ஆகவே கூடுதல் அழுத்தம் லிக்விடாக இல்லாமல் காற்றாக வெளியேறும். நேராக நிமிர்த்திவிட்டால் வேலை முடிந்தது. இப்படிச் செய்தும் ஒழுகினால் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) ஒன்று கிழிந்திருக்கும் அல்லது மடிந்து உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் அட்டமைசர் பெட்டியிலேயே உபரி ஓ-ரிங்குகள் வரும், தேடிப் பாருங்கள்.

கிளாப்டன் (தடித்த கம்பிமேல் மெல்லிய கம்பி சுற்றியது) மாதிரி சிக்கலான காயில்கள் சுவையைக் கூட்டும் என்பது உண்மைதான். மேற்பரப்பு அதிகம், சுற்றுகளுக்கு நடுவே லிக்விடும் தங்கும். ஆனால் சூடாக நேரம் பிடிக்கும், அதிக வாட் கேட்கும், லிக்விடையும் வேகமாகக் குடிக்கும். உங்கள் பஞ்சு சாதாரணக் காயிலுக்கே ஈடுகொடுக்காத நிலையில் அது பிரச்சினையை இரட்டிப்பாக்கும். தீய்ந்த நெடிக்கு நிஜமாகவே பயப்படுகிறீர்கள் என்றால் அதைவிட 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிக்கு மாறலாம். சூடேறும்போது அதன் மின்தடை கணிசமாக மாறும், வெப்பக் கட்டுப்பாடு உள்ள மாட் அதை அளந்து மின்சாரத்தைக் குறைத்துவிடும். கான்தலின் தடை அநேகமாக மாறாது, அதனால் அதில் இந்த வசதி வேலை செய்யாது. 200 முதல் 230 டிகிரி செல்சியஸுக்குள் வையுங்கள். காயில் நன்றாக ஆறிய பிறகே மாட்டில் ஓம் அளவைப் பூட்டுங்கள் (அடிப்படை அளவாகப் பதியுங்கள்), சூடாக இருக்கும்போது பூட்டினால் கணக்கு முழுக்கத் தப்பும்.

தீய்ந்த நெடி வந்தால் அந்தப் பஃபை அங்கேயே நிறுத்துங்கள். 'இன்னும் ரெண்டு இழுத்தால் சரியாகிவிடும்' என்று தொடராதீர்கள். காய்ந்து அளவுக்கு மீறிச் சூடாகும்போது கிளிசரினும் கிளைக்காலும் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்றவை உருவாகின்றன. தொண்டையைப் பிடிக்கிற அந்த எரிச்சலுக்கு அக்ரோலின் ஒரு காரணம். கருகிய பஞ்சைக் காப்பாற்ற முடியாது, தூக்கிப்போட்டுப் புதிதாக வையுங்கள். இனிப்பூட்டி அதிகம் சேர்த்த லிக்விட் காயிலில் கருப்பாகப் படிந்து அதே நெடியைத் தரும் என்பதால், பஞ்சை மாற்றும்போதெல்லாம் காயிலை லேசாகச் சூடாக்கி, ஆறவிட்டு, தண்ணீரில் காட்டிச் சின்னத் தூரிகையால் தேய்த்துவிடுங்கள். எண்ணெய் கலந்த எதையும் இதில் ஊற்ற வேண்டாம், அது நுரையீரலுக்கு ஆகாது. சிகரெட்டோ நிகோட்டினோ பழக்கமில்லாத நண்பர் ஆசைப்பட்டு உங்கள் மாட் கருவியைக் கேட்டால் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

பேட்டரி பற்றியும் ஒரு வார்த்தை. உங்களுடையது வாட்டை நிர்ணயிக்கும் மாட். அதில் பேட்டரியிலிருந்து இழுக்கப்படும் மின்னோட்டத்தை முடிவு செய்வது வாட்தான், ஓம் இல்லை. 25 வாட்டுக்கு, சார்ஜ் இறங்கி 3.2 வோல்டுக்கு வந்த பேட்டரியிலிருந்து எட்டு, ஒன்பது ஆம்பியர் போகும். தரமான 18650 பேட்டரி இதைச் சாதாரணமாகத் தாங்கும். மேலுறை கிழிந்திருந்தால் மட்டும் உடனே மாற்றுங்கள், உறையில்லாத பேட்டரியைச் சட்டைப்பையில் போட்டுத் திரியாதீர்கள். எந்தக் கட்டுப்பாடும் இல்லாத மெக்கானிக்கல் மாட் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம்.

இவ்வளவும் செய்து, 20 வாட்டிலும் காய்ந்துகொண்டே இருந்தால் வாய்க்காலின் அகலத்தைப் பாருங்கள். சிகரெட் போல வாயில் இழுத்துப் பிறகு உள்ளே விடும் பாணிக்கென்று செய்த அட்டமைசர்களில் அது குண்டூசித் தலை அளவுக்குத்தான் இருக்கும். 70 சதவீத விஜி அதில் சரளமாக இறங்காது. உங்களுடையது அந்த வகையாக இருந்தால், அட்டமைசரை மாற்றுவதைவிட 50-50 லிக்விட் ஒரு குப்பி வாங்குவது மலிவு. பாணியையும் அதற்கேற்ப மாற்றி, 28 கேஜ் கம்பியில், 2.5 மி.மீ. உள்விட்டத்தில் ஒரு ஓமுக்கு மேல் வரும்படி கட்டி, 10 முதல் 14 வாட்டில் ஓட்டிப் பாருங்கள்.